அப்பாவின் குளிசையை ஒரு பாமசிஸ்ட் நிறுத்தலாமா?

கேள்வி:

லண்டன் ஹரோவில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 77 வயது. ஊரில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றபின் எங்களோடு வந்து சேர்ந்தவர். பிரஷர், நீரிழிவு, கொலஸ்ட்ரோல் என்று ஒன்பது வகைக் குளிசைகள் எடுக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் பிரஷர் குளிசையை 5 இல் இருந்து 10 ஆக்கினார்கள். அதே வருடம் இரண்டு கணுக்காலும் வீங்கி, அதற்குச் சலம் போகிற குளிசை ஒன்று சேர்ந்தது. காலையில் அதைப் போட்டால் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் அவசரம் வந்துவிடும் என்று பின்னேரம்தான் போடுவார். இந்த மார்ச் மாதம் இரவில் பாத்ரூமுக்குப் போகும்போது விழுந்துவிட்டார். நல்ல காலம், எலும்பு முறியவில்லை.

போன மாதம் சேர்ஜரியில் இருந்து, அதாவது குடும்ப வைத்தியரின் கிளினிக்கில் இருந்து, மருந்து மீளாய்வு என்று போன் வந்தது. கதைத்தவர் ஜீபி என்கிற அந்தக் குடும்ப வைத்தியர் இல்லை, கிளினிக்கல் பாமசிஸ்டாம். அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு, கால் வீக்கத்துக்கு டொக்டர் கொடுத்த குளிசையை நிறுத்தினார். பிரஷர் குளிசையைத் திரும்ப 5 ஆக்கினார். கொலஸ்ட்ரோல் குளிசையை வேறொன்றாக மாற்றினார். முழங்கால் நோவுக்கு அப்பா கடையில் வாங்கும் ஐபுபுரோபனைத் தொடவே வேண்டாம் என்றார். 14ஆம் திகதி இரத்தப் பரிசோதனை. 'டொக்டர் எழுதினதைக் கடைக்காரன் வெட்டுறதோ?' என்று அப்பா கொதிக்கிறார். பழைய பெட்டியில் மிச்சமிருந்த குளிசையை ஒளித்துப் போடுகிறார் என்பதை நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். இதயத்தில் பிரச்சினை என்று இதுவரை யாரும் சொன்னதாக ஞாபகம் இல்லை. இந்தப் பாமசிஸ்டை நம்பலாமா? டொக்டர் தட்டுப்பாட்டுக்கு எங்களைப் பேய்க்காட்டுகிறார்களா? குளிசைகளின் பட்டியலைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன்.

— ஒரு மகள்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நம்பலாமா என்ற கேள்விக்கு வருமுன் அந்தப் பழைய பெட்டியின் கதையை முடிப்போம். அதுதான் அவசரம். அப்பா ஒளித்துப் போடுவது பாமசிஸ்டுக்குத் தெரியாது. 14ஆம் திகதி எடுக்கும் இரத்தத்தில் அவர் பார்க்கப்போவது சிறுநீரகம் எப்படி இருக்கிறது, சோடியமும் பொட்டாசியமும் எவ்வளவு என்பவற்றை. அதுவும் 'குளிசை நிறுத்தியபின்' என்று நினைத்துக்கொண்டு பார்ப்பார். நிறுத்தாத ஒருவரின் இரத்தத்தை நிறுத்தியவரின் இரத்தமாக வாசித்தால் அடுத்து எடுக்கும் முடிவு பிழைக்கும். ஆகவே திகதிக்கு முன் சேர்ஜரிக்குப் போன் பண்ணி, 'அப்பா இன்னும் அந்தக் குளிசையை எடுத்துக்கொண்டிருக்கிறார், ஐபுபுரோபனும் எடுத்திருக்கலாம்' என்று உள்ளதைச் சொல்லுங்கள். யாரும் கோபிக்கமாட்டார்கள். ஒளித்துப் போடுகிறவர்களும் ஒளித்து எறிகிறவர்களும் எங்களுக்குப் புதிதில்லை.

நானும் அதே வேலைதான் செய்கிறேன். இங்கிலாந்தில் ஒரு ஜீபி சேர்ஜரியில் கிளினிக்கல் பாமசிஸ்ட். உங்கள் அப்பாவின் முழு மருத்துவப் பதிவு என் கையில் இல்லாததால், அந்தப் பாமசிஸ்ட் செய்தது முழுக்கச் சரி என்று இங்கிருந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தையும் கடிதத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, அவர் எந்த நூலைப் பிடித்துக்கொண்டு போனார் என்பது எனக்குத் தெளிவாகவே தெரிந்தது.

அந்த பிரஷர் குளிசையின் பெயர் அம்லோடிபின். அது இரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. ஆனால் இரத்தத்தைக் கொண்டுவரும் சின்ன நாடிகளைத் தளர்த்தும் அளவுக்கு, திரும்பக் கொண்டுபோகும் நாளங்களைத் தளர்த்துவதில்லை. வரத்துக் கூடி, போக்கு அப்படியே இருந்தால் அழுத்தம் ஏறி, குழாயில் இருந்து நீர் கசிந்து கணுக்காலில் தங்கும். இது மிகச் சாதாரணமான பக்கவிளைவு. 5 மில்லிகிராமில் ஒன்றும் இல்லாமல் இருந்தவருக்கு 10 இல் வீங்குவதும் சாதாரணம். உங்கள் கடிதத்தில் அந்த வரிசை அப்படியே இருக்கிறது: குளிசை 10 ஆகிறது, அதே வருடம் இரண்டு காலும் வீங்குகிறது. உடம்பில் நீர் மிஞ்சிப்போய் வந்த வீக்கம் இல்லையென்பதால், பாமசிஸ்ட் நிறுத்திய அந்தச் சலம் போகிற குளிசை, பியூரோசமைட், இதற்குப் பெரிதாகக் கேட்பதில்லை. வீக்கம் நின்றபடி நிற்க, அப்பா மட்டும் பாத்ரூமுக்கு நடந்துகொண்டிருந்திருப்பார். பியூரோசமைட் போட்டு ஒரு மணித்தியாலத்துக்குள் வேலையைத் தொடங்கி, ஆறு மணித்தியாலம் வரை இழுக்கும். பின்னேரம் போட்டால் அந்த ஆறு மணித்தியாலத்தில் பாதி நித்திரைக்குள் போகும். இருட்டு, அவசரம், நித்திரைக் கலக்கம். மேலே பிரஷருக்கு இரண்டு குளிசைகள். எழும்பி நின்றவுடன் இரத்தஅழுத்தம் சட்டென்று இறங்கும். மார்ச் மாதத்து விழுகைக்கு இதைவிடக் காரணம் தேடத் தேவையில்லை.

ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய வருத்தம் என்று எண்ணி அதற்கு இன்னொரு மருந்து, அதன் விளைவுக்கு மூன்றாவது என்று நீள்வதை நாங்கள் மருந்துச் சங்கிலி என்போம். இதில் எந்த டொக்டரையும் குற்றம் சொல்ல வரவில்லை. பத்து நிமிடச் சந்திப்பில் ஒருவர் வீங்கிய காலைக் காட்டுகிறார். பார்த்தவர் வீக்கத்துக்கு மருந்து எழுதினார். குளிசையை 10 ஆக்கியவர் வேறொருவராக இருந்திருக்கலாம். திகதிகளை அருகருகே வைத்துப் பார்க்க ஒருவருக்கு அரை மணித்தியாலம் வேண்டும். அந்த அரை மணித்தியாலத்துக்காகத்தான் எங்களை வைத்திருக்கிறார்கள். உங்கள் அப்பாவிடம் 'எத்தனை மணிக்குப் போடுகிறீர்கள், இரவில் எத்தனை தரம் எழும்புகிறீர்கள்' என்று கேட்டிருப்பார்; அது சும்மா ஊர்க்கதை இல்லை.

ஐபுபுரோபன் விஷயம் இதைவிடப் பெரிது. பட்டியலில் ராமிபிரில் என்ற இரண்டாவது பிரஷர் குளிசை இருக்கிறது, பியூரோசமைட் இருந்தது, பட்டியலில் இல்லாமல் கடையில் இருந்து ஐபுபுரோபன் வந்துகொண்டிருந்தது. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். அப்பாவுக்குத் தோட்டக்கணக்கில் சொன்னால் விளங்கும். சிறுநீரகத்தின் வடிகட்டி ஒரு பாத்தி என்று வையுங்கள். பியூரோசமைட் கிணற்றில் தண்ணீரைக் குறைக்கிறது. ஐபுபுரோபன் வாய்க்காலின் வாயை ஒடுக்குகிறது. ராமிபிரில் பாத்தியின் கடைவாயை அகலத் திறந்துவிடுகிறது. ஒவ்வொன்றும் தனியே நடந்தால் பாத்தி சமாளிக்கும். மூன்றும் ஒரே நாளில் நடந்தால் தண்ணீர் நிற்குமா? வயிற்றோட்டமோ சத்தியோ சேர்ந்து, அல்லது வெயில் நாளில் தண்ணீர் குடிக்காமல் விட்டு, இரண்டு நாளில் சிறுநீரகம் படுத்து ஆஸ்பத்திரிக்குப் போன வயதானவர்கள் பலர். நீரிழிவுக்காரருக்கு அந்த இடம் ஏற்கனவே பலவீனம். ராமிபிரில் தனியே நல்ல மருந்து, அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். போக வேண்டியது ஐபுபுரோபன்தான். முழங்காலுக்கு நோவுநீக்கும் கெல் பூசலாமா என்று கேளுங்கள். தோலால் உடம்புக்குள் போகும் அளவு மிகக் குறைவு என்பதால் முழங்கால் தேய்வுக்கு முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிக்கு பிசியோவிடம் அனுப்பச் சொல்லுங்கள். ஊரில் இருந்து யாரேனும் டைக்ளோபினாக் கொண்டுவந்திருந்தால் அதுவும் ஐபுபுரோபனின் கூட்டம்தான். இதயத்துக்கு ஆபத்து என்று 2015 ஜனவரியில் இருந்து அந்தக் குளிசையை இங்கே மருந்துச்சீட்டு இல்லாமல் விற்பதையே நிறுத்திவிட்டார்கள்.

கொலஸ்ட்ரோல் குளிசையை மாற்றியது சின்ன விஷயம், ஆனால் அதற்கும் காரணம் உண்டு. அப்பா எடுத்தது சிம்வாஸ்டட்டின் 40. அம்லோடிபினோடு சேரும்போது சிம்வாஸ்டட்டின் இரத்தத்தில் கூடி, தசை நோவும், அரிதாகத் தசைச் சிதைவும் வரலாம் என்பதால், இரண்டையும் சேர்த்தால் 20க்கு மேல் வேண்டாம் என்று 2012 இலேயே இங்கிலாந்தின் மருந்துப் பாதுகாப்பு அமைப்பு அறிவித்துவிட்டது. அட்டோர்வாஸ்டட்டினுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இரவில்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

இப்போது நான் சொன்ன அத்தனைக்கும் ஒரு விதிவிலக்கு. பியூரோசமைட் கணுக்கால் வீக்கத்துக்கு மட்டும் கொடுக்கப்பட்டிருந்தால்தான் மேலே சொன்ன கதை பொருந்தும். இதயம் இரத்தத்தை வடிவாக இறைக்க முடியாமல் இருப்பதற்காகக் கொடுத்திருந்தால், அதே குளிசை உயிர்காக்கும் மருந்து; நிறுத்தக்கூடாது. இதயத்தில் பிரச்சினை என்று யாரும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாபகத்தை நம்பாமல் பாமசிஸ்டிடம் நேரே கேளுங்கள்: 'அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு இல்லை என்று பார்த்துவிட்டுத்தானா நிறுத்தினீர்கள்?' பார்த்திருந்தால் ஒரு வசனத்தில் பதில் வரும். பதில் தடுமாறினால் அன்றே ஜீபியோடு கதைக்கக் கேளுங்கள். நிறுத்தியபின் இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ நிறை ஏறினாலோ, தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணை அடுக்கினாலோ, படியேற மூச்சு வாங்கினாலோ காத்திருக்கக்கூடாது. அன்றே சேர்ஜரி, அது பூட்டியிருந்தால் 111 என்ற மருத்துவ உதவி எண். இருந்த இடத்திலேயே மூச்சு முட்டினால் 999க்கு அம்புலன்ஸ். கணுக்கால் வீக்கம் மட்டும் மெதுவாக வற்றட்டும். குளிசை குறைந்து சில வாரங்களில் வித்தியாசம் தெரியும்.

இனி 'கடைக்காரன்' என்ற சொல்.

அப்பாவின் கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஊரில் பாமசி என்றால் கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நின்று, துண்டைப் பார்த்துக் குளிசையை எண்ணிக் கடதாசிப் பையில் போட்டுத் தருபவர். அந்த ஆள் டொக்டரின் எழுத்தை வெட்டுவதென்றால் யாருக்கும் சுர்ரென்றுதான் ஏறும். ஆனால் அப்பாவின் தலைமுறைக்கு இன்னொரு சொல்லும் தெரிந்திருக்கும்: அப்போதிக்கரி. கிராமத்து ஆஸ்பத்திரிகளில் எம்.பி.பி.எஸ். இல்லாமலே ஊரைப் பார்த்தவர்கள் அவர்கள். சனம் அவர்களை 'டொக்டர் ஐயா' என்றுதான் கூப்பிட்டது. அந்தச் சொல் போனது இங்கிருந்துதான். லண்டனில் வில்லியம் ரோஸ் என்றொரு அப்போதிக்கரி, மருத்துவரின் சீட்டு இல்லாமல் ஓர் இறைச்சிக்கடைக்காரருக்கு மருந்து கொடுத்தார் என்று மருத்துவர் கல்லூரி வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் தோற்ற ரோஸ், 1704 இல் பிரபுக்கள் சபையில் வென்றார். அதற்குப் பிறகு மருந்துக்கடைக்காரர்கள் நோயாளியைப் பார்த்து ஆலோசனை சொல்லவும் மருந்து கொடுக்கவும் தடை இல்லை. 1815 இன் அப்போதிக்கரிச் சட்டத்தோடு அவர்களுக்குப் பயிற்சியும் பரீட்சையும் வந்தன. ஜீபி என்று இன்று நாங்கள் கும்பிடும் டொக்டர்களின் தொழில்வழி முப்பாட்டன்மாரில் பெரும்பகுதி அந்தக் கடைக்காரர்கள்தான். அப்பா சரித்திரம் வாசிக்கிறவர் என்றால் இதைச் சொல்லிப் பாருங்கள், ஒரு சிரிப்பாவது வரும்.

இன்றைய பாமசிஸ்ட் பல்கலைக்கழகத்தில் நாலு வருடம் மருந்தியல் படித்து, ஒரு வருடம் பயிற்சி முடித்து, பதிவுப் பரீட்சை எழுதி, பொது மருந்தியல் சபையில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவேட்டை யாரும் இணையத்தில் பார்க்கலாம். பெயரைப் போட்டுத் தேடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. மேலதிகப் பயிற்சி எடுத்தவர்களுக்கு 2006 இல் இருந்து, தம் துறைக்குள் தாமாகவே மருந்து எழுதவும் நிறுத்தவும் மாற்றவும் சட்டப்படி உரிமை உண்டு. அவர் எழுதிய சீட்டுக்குப் பொறுப்பு அவரேதான். உங்கள் அப்பாவோடு கதைத்தவருக்கு அந்த உரிமை இருக்கிறதா என்றும் கேட்கலாம். இல்லாவிட்டால் ஜீபி ஒருவர் பார்த்துச் சம்மதித்த பிறகே மாற்றம் நடந்திருக்கும். சேர்ஜரியில் எங்களுக்குக் கடை இல்லை. விற்க ஒரு பனடோல் பெட்டிகூட இல்லை. டொக்டர் பார்க்கும் அதே கணினிப் பதிவைத்தான் நாங்களும் திறந்துவைத்திருப்போம்.

டொக்டர் தட்டுப்பாட்டுக்கா என்று கேட்டிருந்தீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்: ஓரளவுக்கு ஓம். ஜீபிகள் போதாது என்ற நெருக்கடியில்தான் 2015 இல் அரச சுகாதார சேவையை நடத்தும் என்.எச்.எஸ். இங்கிலாந்து எங்களைச் சேர்ஜரிகளுக்குள் கொண்டுவரும் முன்னோட்டத் திட்டத்தை அறிவித்தது. 2019 ஜூலையில், 30,000 முதல் 50,000 வரை நோயாளிகளுக்கு ஒரு கூட்டணி என்று சேர்ஜரிகளை இணைத்து, அந்தக் கூட்டணிகள் வைத்திருக்கும் பாமசிஸ்டுகளின் சம்பளத்துக்குத் தனிக் காசு ஒதுக்கினார்கள். அதனால்தான் உங்களோடு கதைத்தவர் திங்கள் ஒரு சேர்ஜரியிலும் செவ்வாய் இன்னொன்றிலும் இருக்கக்கூடும். விலை கூடிய மருந்தை அதே குணமுள்ள மலிவான மருந்தாக மாற்றுவதும் எங்கள் வேலையில் ஒரு பங்கு. அதையும் மறைக்கவில்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்கு நடந்தது அது இல்லை. அம்லோடிபினும் பியூரோசமைட்டும் சல்லிக்காசு விலைக் குளிசைகள். அவற்றை வெட்டி யாரும் காசு மிச்சம் பிடிக்கப்போவதில்லை.

தட்டுப்பாடு கதவைத் திறந்தது என்றாலும் உள்ளே செய்ய வேலை இருந்தது. நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் அன்டனி ஏவரியின் குழு 72 சேர்ஜரிகளில் செய்த ஆய்வு 2012 இல் வெளிவந்தது. ஆபத்தான மருந்துச் சேர்க்கைகளைக் கணினியால் தேடிப்பிடித்து, ஒரு பாமசிஸ்ட் வந்து சேர்ஜரியோடு இருந்து திருத்தினால் பிழைகள் தெளிவாகக் குறைகின்றன என்று அது காட்டியது. குடற்புண் வந்த ஒருவருக்குப் பாதுகாப்பு மருந்து இல்லாமல் ஐபுபுரோபன் வகை, ஆஸ்துமாக்காரருக்கு மூச்சை இறுக்கக்கூடிய பீட்டா தடுப்பான் என்ற இதய, பிரஷர் மருந்து, 75 வயதைத் தாண்டியவருக்கு இரத்தப் பரிசோதனையே இல்லாமல் ராமிபிரில் என்று தேடுவார்கள். இன்றும் அந்தப் பட்டியலை வைத்து நாங்கள் தேடுகிறோம். உங்கள் அப்பாவின் பெயர் அப்படி ஒரு தேடலில் விழுந்துதான் போன் வந்திருக்கவும் கூடும். 2021 செப்டம்பரில் இங்கிலாந்தின் அப்போதைய தலைமை மருந்தியல் அதிகாரி கீத் ரிட்ஜ் தலைமையில் வெளிவந்த அரசு அறிக்கை, எழுதப்படும் மருந்துகளில் குறைந்தது 10 சதவீதம் தேவையற்றவை என்றது. 65 வயதைத் தாண்டியவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்வதில் ஐந்தில் ஒன்று வரை மருந்தின் விளைவாலேயே என்றும் சொன்னது. குளிசை கூடினால் கவனிப்புக் கூடுகிறது என்று எங்கள் சனம் நினைக்கிறது. ஒன்றும் எழுதாமல் அனுப்பிய டொக்டர் 'சரியில்லாத டொக்டர்'. என் அம்மாவும் அப்படித்தான், மகளின் தொழிலே இது என்று தெரிந்தும்.

எங்களிடம் வரக்கூடாத விஷயங்களும் உண்டு. புதிதாக நெஞ்சு நோ, காரணமில்லாமல் நிறை குறைதல், கட்டி, இரத்தப்போக்கு, இதுவரை இல்லாத மறதி, இவற்றுக்கு நோய் என்னவென்று கண்டுபிடிப்பது ஜீபியின் வேலை. நல்ல பாமசிஸ்ட் அந்த எல்லையைத் தானே சொல்வார். எல்லோரும் ஒரே தரத்தில் இருக்கிறார்கள் என்றும் சத்தியம் பண்ணமாட்டேன். சேர்ஜரிக்குப் புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சிக் காலம் ஒன்று இருக்கிறது. அதில் முதல் மாதத்தில் இருப்பவருக்கும் எட்டு வருடம் கண்டவருக்கும் வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அப்பா ஜீபியோடுதான் கதைக்க வேண்டும் என்றால் கேட்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஆனால் 'அவன் கடைக்காரன்' என்று கேட்காமல், 'இந்த மாற்றத்தைப் பற்றி எனக்கு இன்ன சந்தேகம்' என்று கேட்டால் பதிலும் விரைவாக வரும்.

போனில் நடந்தது பற்றி எனக்கும் மனக்குறை உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு வயதான தமிழ் அம்மாவோடு பேரன் மொழிபெயர்க்கப் போனில் கதைத்தேன். அவரிடம் நேரே தமிழில் கதைத்திருக்கலாம். அன்று நேரம் இல்லை, பேரனின் ஆங்கிலம் வேகமாகப் போனது. எல்லாக் குளிசையும் எடுக்கிறாரா என்று கேட்டேன், 'ஓம் ஓம்' என்றார். பிரஷர் இறங்கவே இல்லையென்று அளவைக் கூட்டினேன். பிறகு ஒருநாள் நேரில் வந்தபோது பிஸ்கட் ரின் ஒன்றைத் திறந்து காட்டினார். ஆறு மாதக் குளிசைகள் அதற்குள் கிடந்தன. ஊருக்குப் போகும்போது தங்கச்சிக்குக் கொண்டுபோகச் சேர்த்தாராம். தான் எடுத்தது நாளுக்குப் பாதிக் குளிசை. கூட்டிய அளவை அவர் முழுதாக எடுத்திருந்தால் தலைசுற்றி விழுந்திருப்பார், அந்தப் பிழை என்னுடையது. அன்றிலிருந்து எங்கள் சனத்தின் 'ஓம்' எனக்குப் பதில் இல்லை, மரியாதை. 'நேற்றுக் காலை எதை எதைப் போட்டீர்கள்?' என்றுதான் கேட்கிறேன்.

அதனால் அடுத்த தடவை நேரில் பார்க்கக் கேளுங்கள். வீட்டில் உள்ள அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்: பழைய பெட்டி, சுப்பர்மார்க்கெட்டில் வாங்கியவை, விற்றமின், ஊரில் இருந்து வந்த அரிஷ்டம், லேகியம், பெயரில்லாத தூள் எல்லாம். சில பெயரில்லாத தயாரிப்புகளில் ஈயமும் பாதரசமும் இருந்திருக்கின்றன என்பதால் கேட்கிறோமே தவிர, கசாயம் குடித்ததற்கு ஏசுவதற்கு இல்லை. மிச்சக் குளிசைகளைப் பக்கத்துப் பாமசியில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், ஊருக்கு அனுப்ப வேண்டாம். அப்பாவுக்கு ஆங்கிலம் சங்கடம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இலவசமாகக் கிடைப்பார், நேரம் எடுக்கும்போதே சொல்லிவைக்க வேண்டும். நீங்கள் அவர் சார்பில் கதைப்பதற்கு அப்பா சம்மதம் கொடுத்ததைப் பதிவில் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் போனை அவரிடம் கொடுக்கச் சொல்வார்கள்.

பையோடு இன்னொன்றையும் கொண்டுபோங்கள்: ஒரு கிழமைக்கான பிரஷர் கணக்கு. அம்லோடிபினைக் குறைத்த பிறகு பிரஷர் எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும். மேற்கையில் கட்டும் மெஷின் போதும். ஏழு நாள், காலையிலும் பின்னேரமும், இருந்தபடி, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம். முதல் நாள் கணக்கை விட்டுவிடுவார்கள். 80 வயதுக்குக் கீழே வீட்டு அளவு சராசரி 135/85க்குக் கீழே இருந்தால் பொதுவாகத் திருப்தி. விழுந்தவர் என்பதால், எழும்பி நின்றபின் ஓர் அளவையும் எடுத்து எழுதுங்கள்.

பட்டியலில் எனக்கு உறுத்திய, அந்தப் பாமசிஸ்ட் இன்னும் தொடாத விஷயங்களும் உண்டு. தொடாதது கவனக்குறைவு என்று நினைக்கவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாமல் போகும் என்பதால் நாங்கள் இரண்டு மூன்று தவணையாகத்தான் செய்வோம். ஒன்று கிளிக்கிளசைட் என்ற நீரிழிவுக் குளிசை. சாப்பிடாமல் போட்டால் சீனி அடியோடு இறங்கும். அப்பா வெள்ளிக்கிழமை விரதமோ கந்தசஷ்டியோ பிடிக்கிறவரா? ஆங்கிலப் பாமசிஸ்டுக்குக் கேட்கத் தோன்றாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். விரத நாளில் என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். இரண்டாவது, பல வருடம் நீரிழிவுக்கு மெட்போமினும் வயிற்று அமிலத்துக்கு ஒமெபிரசோலும் எடுத்தவருக்கு விற்றமின் பி12 குறையலாம். பாதம் விறைக்கிறது, நடை தள்ளாடுகிறது என்றால் அந்தப் பரிசோதனையையும் 14ஆம் திகதி எடுக்கும் இரத்தத்திலேயே சேர்க்கக் கேளுங்கள்.

மூன்றாவது, இரவில் போடும் அமிட்ரிப்டிலின். கூடவே மலச்சிக்கலுக்கு சென்னா. எது முதலில் தொடங்கியது என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், வயிற்றைக் கட்டும், இரவில் எழும்பும்போது தள்ளாட வைக்கும். சென்னா அதற்குப் பிறகு வந்ததென்றால் இது இன்னொரு சங்கிலி. ஆனால் இதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, நீங்களாகத் தொடவும் வேண்டாம். பாமசிஸ்டுக்குப் போன் பண்ணும்போது பழைய பெட்டியின் கதையோடு இந்தக் கேள்வியையும் வையுங்கள். முடிந்தால் இந்தக் கிழமையே.